எட்டு ஆண்டுகள் சூடேறாத மாருதி 800

2022 ஜூனில் பெரியப்பாவின் மாருதி 800 புகைப் பரிசோதனையில் தேறவில்லை. 1997 வண்டி. ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அதற்குப் புகைச் சான்று வேண்டும். அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு, ஐடிலிங்கில் (நின்ற இடத்தில் இன்ஜின் சும்மா ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை போகலாம் என்று விதி இடம் கொடுத்திருக்கிறது. மீட்டர் 6-ஐத் தாண்டி நின்றது. சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். கண்மை டப்பாவில் தொட்டதுபோல் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தது.

பெரியப்பாவுக்கு மனசு தாங்கவில்லை. "இருவத்தஞ்சு வருசமா ஒருதடவ கூட அம்பதத் தாண்டி ஓட்டுனதில்ல கண்ணு. கொழந்தையாட்ட வெச்சிருக்கேன். இதுக்குப் போயி என்ன வந்துச்சு?"

பக்கத்துத் தெரு மெக்கானிக் அதற்கு நேர் எதிராகப் பேசினார். "கொழந்தையாட்ட வெச்சதுதானுங்க சார் தப்பு. பழனி ரோட்டுல ஏத்தி ஒரு வாங்கு வாங்குங்க. அடச்சிருக்கற கார்பன் பூரா தெறிச்சு ஓடிரும்." இன்னொரு பட்டறையில் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்காமல் முடியாது என்றார்கள்; ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றி இடுக்கை அடைக்கும் வளையம்) போயிருக்கும், இன்ஜின் வேலைக்குத் தயாராக இருங்கள் என்றார்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் எடுக்கிறேன். "பழைய வண்டிய ரொம்ப மெதுவா ஓட்டுனா இன்ஜின் கெட்டுருமாங்க சார்?" என்று எந்த வருடத்துப் பையனும் கேட்காமல் இருந்ததில்லை. பாதி பதில்தான் சொல்லிவந்திருக்கிறேன். இந்தத் தடவை, முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை எதையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்து, பார்த்ததைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டுதான் இது.

வண்டியும் வழக்கமும்

796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், நாலு கியர். ஓடியிருந்தது 61,000 கிலோமீட்டர். இருபத்தைந்து வயது வண்டிக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்று கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பெரியப்பா ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உடுமலையில் வீட்டிலிருந்து உழவர் சந்தை இரண்டு கிலோமீட்டருக்குள். காலையில் போவார், அரைமணி நேரம் நிறுத்துவார், திரும்புவார். சாயங்காலம் கோயில், அதுவும் அதே தூரம். வெளியூருக்குப் பஸ்தான். 

ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் பிடி) முழுதாக இழுத்து ஸ்டார்ட் செய்தார். தெரு முனையில் பாதி உள்ளே தள்ளினார். சந்தை வரும்வரை சோக் பாதியிலேயே நின்றது. கேட்டால், "உள்ள தள்ளுனா நின்னு போயிரும்" என்றார். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலேயே நாலாவது கியருக்கு வந்துவிட்டார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வழி என்று யாரோ சொன்னது. மேட்டில் ஏறும்போது கியர் லிவர் குலைநடுங்கியது, டேஷ்போர்டு தடதடத்தது. அவர் கியரைக் குறைக்கவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

இறங்கும்போது பெருமையாக டெம்ப்ரேச்சர் முள்ளைக் காட்டினார். அது 'சி' என்ற எழுத்தை ஒட்டியே கிடந்தது. "பாரு, எட்டு வருசமா ஒருநாள் சூடானதில்ல."

அந்த முள்தான் எனக்கு முதல் தடயம். இரண்டு கிலோமீட்டரில் முள் முழுதாக மேலே வராதுதான். ஆனால் நம் ஊர் ஜூன் வெயிலில் அசையக்கூட இல்லையென்றால் வேறு ஏதோ இருக்கிறது.

திறந்து பார்த்தது

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினேன். அடிப்பக்கம் முழுக்க மோர்க்குழம்பு நிறத்தில் ஒரு களிம்பு. வழித்தால் கரண்டியில் அள்ளும் அளவுக்கு இருந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்து கடைந்தால் இப்படித்தான் ஆகும். இதைப் பார்த்த உடனே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு) போச்சு என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் பெரிய அவசரம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று ஒரு வாரம் குறித்தோம், குறையவில்லை. ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் இல்லை, ஓடும்போது குமிழி வரவில்லை. கேஸ்கெட் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பெட்ரோலிலிருந்து. பலருக்கு இது நம்ப முடியாத செய்தி: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் சேம்பருக்கு இறங்கும். எந்த நல்ல இன்ஜினிலும் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, ஆயில் சேம்பரின் ஆவியை வெளியே இழுக்கும் பிரீதர் குழாய் வழியாக மறுபடி இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். சூடேறாவிட்டால் அங்கேயே குளிர்ந்து, ஆயிலோடு கடைபட்டு, களிம்பாகும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், இப்படியே வருடக்கணக்கில்.

அடுத்து டிப்ஸ்டிக், அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி. "ரெண்டு வருசமா ஆயில் ஒரு சொட்டு கொறயல" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். உண்மைதான். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை அதிகமாகவே இருந்தது. குச்சியை மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் நெடி சுளீரென்று ஏறியது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சோக் போட்டு அதிகமாக ஊற்றிய பெட்ரோல் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே போகிறது. ஆயில் குறையாததற்கு அதுதான் காரணம்: எரிந்து குறைந்த ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தது. இப்படி ஓடிய வண்டியை ஒருநாள் திடீரென நெடுந்தூரம் எடுத்துப் போனால், கலந்திருந்த பெட்ரோல் ஆவியாகி, போய்ச் சேரும்போது ஆயில் மட்டம் சட்டென்று இறங்கியிருக்கும். இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று ஆட்கள் பதறுவது பல நேரம் இதனால்தான்.

இங்கேயும் ஒரு மாற்றுக் காரணத்தை ஒதுக்க வேண்டியிருந்தது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். அதன் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்தாலும் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். பம்பைக் கழற்றிப் பார்த்தோம். டயாஃப்ரம் முழுசாக இருந்தது.

பிளக் மூன்றும் வெல்வெட் துணி போர்த்தியது போல் கறுப்பாக, உலர்ந்த கரியோடு வந்தன. பிளக் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். இந்த வண்டியில் அந்தச் சூடு ஒருநாளும் வந்ததாகத் தெரியவில்லை.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்தோம். பேட்டரி முழு சார்ஜில், பிளக் மூன்றையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்து எடுத்த அளவு: முதல் சிலிண்டர் 145, இரண்டாவது 140, மூன்றாவது 105 பி.எஸ்.ஐ. ரிங் போச்சு என்று சொன்ன பட்டறைக்காரர் இந்த அளவோடு நிறுத்தியிருப்பார். மூன்றாவதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து அளவு நன்றாக ஏறும். 110-தான் வந்தது. அப்படியானால் காற்று கசிவது வால்வு வழியாக. வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளி சரியாகவே இருந்தது. பிளக் துவாரம் வழியாகச் சின்னக் கேமராவை இறக்கினேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் விளிம்பில் கரித்துணுக்குகள் ஒட்டியிருந்தன. பிஸ்டன் தலையில் காய்ந்த ஏரி மண்போல் வெடிப்பு விட்ட கரிப்படலம்.

கடைசியாக, தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) உட்காரும் கூட்டின் இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

காலியான கூடு

2014 கோடையில் வண்டி ஒருதடவை சூடாகி நின்றிருக்கிறது. ஏதோ ஒரு பட்டறையில், "நம்மூரு வெயிலுக்கு இந்த வால்வே தேவையில்லீங்க" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மூடியிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வரும். தெர்மோஸ்டாட்டை இன்ஜினைக் குளிர்விக்கிற பொருள் என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை, இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, சீக்கிரம் சூடேற்றுவது. அது இல்லையென்றால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றிவரும். இன்ஜின் எப்போதும் வெதுவெதுப்பிலேயே நிற்கும்.

இப்போது எல்லாம் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தது. தெர்மோஸ்டாட் இல்லை, அதனால் சூடு இல்லை. சூடு இல்லாததால் சோக்கைத் தள்ளினால் வண்டி நிற்கிறது, அதனால் சோக் போட்டபடியே ஓட்டம். சோக் போட்டதால் பெட்ரோல் அதிகம், கரி, ஆயிலில் கலப்பு, 6 சதவீதப் புகை. ஓட்டமோ இரண்டு கிலோமீட்டர். தண்ணீர் சூடேறுவதே ஐந்து பத்து நிமிடம். ஆயில் அதற்கும் பின்னால்தான் சூடேறும். பெரியப்பாவின் வண்டி ஆயில் எட்டு வருடமாக ஒருநாள்கூட முழுச்சூட்டைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சைலன்சரும் இதே கதைதான்: அடிப்பக்கம் ஓட்டை, துரு உள்ளிருந்து வெளியே தின்றிருந்தது. சூடேறாத சைலன்சரில் தண்ணீர் தேங்கினால் அப்படித்தான் போகும்.

இதில் மெதுவாக ஓட்டியதன் பங்கு என்ன? அதை அறிய எனக்கு ஒப்பிட ஒரு வண்டி வேண்டியிருந்தது. அதிர்ஷ்டவசமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு தேங்காய் வியாபாரி அதே மாடலை உடுமலைக்கும் பல்லடத்துக்கும் தினமும் ஓட்டுகிறார். போக வர எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அவரும் அறுபதைத் தாண்டாதவர். மீட்டர் இரண்டு லட்சத்தைக் கடந்துவிட்டது. அவர் வண்டி ஆயில் மூடியைக் கழற்றினேன். உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம், வேறொன்றுமில்லை. பிளக் முனை பிஸ்கட் நிறம். மூன்று சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்குள். காலும் மென்மை, வேகமும் குறைவு, இன்ஜின் சுத்தம். அவர் இன்ஜின் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சூட்டில் ஓடுகிறது, பெரியப்பாவுடையது ஒருநாளும் சூட்டுக்கு வருவதில்லை. இரண்டு வண்டிக்கும் நடுவே நான் கண்ட வித்தியாசம் இதுதான்.

ஆக, மென்மையான கால் சூட்டில் ஓடும் பழைய பெட்ரோல் இன்ஜினைக் கெடுக்காது என்று இப்போது என் மாணவர்களிடம் தயங்காமல் சொல்கிறேன். கெடுப்பது சூடேறாத குறுகிய ஓட்டம். ஆனால் மென்மை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: இருபத்தைந்தில் நாலாவது கியர். அது மென்மையே அல்ல. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனை நீண்ட நேரம் அழுத்துகிறது. அதே சமயம் ஆயில் பம்பும் மெதுவாகவே சுற்றுவதால் பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்திருக்கிறது. அந்த நிலையில் மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்துவது, வயசானவர் தலையில் மூட்டையை ஏற்றி மெதுவாக நட என்பதற்குச் சமம். வேகமாகச் சுற்றும் இன்ஜினைவிடத் திணறும் இன்ஜினுக்குத்தான் வலி அதிகம். லிவர் நடுங்கினால் ஒரு கியர் குறையுங்கள். அவ்வளவுதான்.

ஏன் உடனே 'ஒரு வாங்கு' வாங்கவில்லை

மெக்கானிக் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. சூடும் பாரமும் கரியை ஓரளவு எரிக்கும், பிளக்கைத் துப்புரவாக்கும், ரிங்கின் பின்னால் வாயு அழுத்தம் கூடி, ரிங் சுவரோடு நன்றாகப் பொருந்தும். ஈயம் கலந்த பெட்ரோல் ஊற்றிய நாட்களில் இந்த வைத்தியத்துக்கு இன்னும் அதிக மவுசு இருந்தது. இந்தியாவில் அந்தப் பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது.

ஆனால் அன்றைக்கே பழனி ரோட்டில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆயில் பெட்ரோல் கலந்து தண்ணீர்போல் நீர்த்துப் போயிருந்தது; அதில் பேரிங் தாங்காது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவில்லை. ரேடியேட்டர் ஹோஸை விரலால் அமுக்கினால் முறுக்குபோல் நொறுநொறுவென்றது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்குமே, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதில் 3511 என்றிருந்தது. 2011-இல் செய்த டயர். பட்டன் தேயவில்லை என்று பெரியப்பா மாற்றவில்லை. தேயாத டயரும் வயதில் காய்ந்து போகும். பதினொரு வயது டயரோடு எழுபத்தைந்து வயதுக்காரரை நெடுஞ்சாலையில் எண்பதில் விரட்டச் சொல்லும் ஆலோசனையை நான் எங்கே கேட்டாலும் எதிர்ப்பேன்.

அதனால் வரிசையாகச் செய்தோம். முதலில் தெர்மோஸ்டாட், கூலண்ட், ஹோஸ். ரேடியேட்டரைக் கழுவியபோது 2014-இல் ஏன் சூடானது என்பதும் தெரிந்தது: கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்பு படிந்து பாதிக் குழாய் அடைத்திருந்தது. அன்றைக்கே ரேடியேட்டரைச் சுத்தம் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பிறகு டைமிங் பெல்ட், டயர், ஆயில், ஃபில்டர், பிளக், கார்புரேட்டர் சர்வீஸ், சைலன்சர். புது ஆயிலை ஐநூறு கிலோமீட்டரிலேயே வடித்துவிட்டு மறுபடி மாற்றினோம். மிச்சக் களிம்பைக் கழுவ அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகே பழனி. முதல் பத்து நிமிடம் மூன்றாவது கியரில் நிதானம். முள் நடுவுக்கு வந்து நின்றது. பெரியப்பா அதைப் பார்த்து, "சூடாகுது கண்ணு, நிறுத்து" என்றார். எட்டு வருடம் கழித்து அந்த முள் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது என்று சொல்லிப் புரியவைத்தேன். மடத்துக்குளம் தாண்டியதும் அறுபது, எழுபது. அவ்வப்போது மூன்றாவது கியரிலேயே கொஞ்சம் அதிகம் சுற்றவிட்டு, காலை எடுத்து, மறுபடி சுற்றவிட்டேன். கண்ணாடியில் முதலில் கறுப்புப் புகை தெரிந்தது. திரும்பி வரும்போது இல்லை.

நாலு வாரம், வாரம் ஒரு பழனி. பிறகு எடுத்த கம்ப்ரஷன்: 150, 148, 132. ஹெட் இறக்காமலே மூன்றாவது சிலிண்டர் 27 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தது. புகை மீட்டரில் கார்பன் மோனாக்சைடு 1.8. எஃப்.சி. ஆனது.

இந்த வண்டியை வைத்து எல்லா வண்டிக்கும் பேச முடியாது

பழனி வைத்தியம் எல்லா இன்ஜினிலும் வேலை செய்யாது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் புதிய இன்ஜின்களில், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே படியும் கரியை எவ்வளவு விரட்டினாலும் கழுவ முடியாது. டீசலில் விஷயம் இன்னும் கடுமை. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் கரி வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வடிகட்டிக்குள் 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டினால் அந்தச் சூடு வராது. பாதியில் நிறுத்தி நிறுத்தி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். தினசரி ஓட்டம் ஐந்து கிலோமீட்டர் என்றால் டீசல் கார் வாங்காதீர்கள் என்று நேராகவே சொல்கிறேன். டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது தெரியும்: மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான லோடில் நாள்கணக்கில் ஓடினால் எரியாத டீசல் சைலன்சரில் கறுப்பாகக் கசியும்.

புதிதாக போர் போட்ட (சிலிண்டரைக் கடைந்து புது ரிங் போட்ட) இன்ஜினும் தனி வகை. ரிங்கும் சுவரும் பொருந்துவதற்குள் பாரமே கொடுக்காமல் ஓட்டினால் சுவர் கண்ணாடிபோல் வழவழத்துப் போய், பிறகு ஆயில் குடிக்கும். மிதமான பாரம் அங்கே அவசியம்.

குறுகிய ஓட்டக்காரர்கள் ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டரில் எண்ணக் கூடாது. பெரும்பாலான வண்டிக் கையேடுகள் அடிக்கடி குறுந்தூரம் ஓடுவதைக் கடுமையான பயன்பாடு என்றே சொல்கின்றன. பெரியப்பா இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார், ஆயிரம் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும். சந்தைக்கு நடந்தே போய்வருகிறார். இது நான் சொல்லாமல் அவராகவே எடுத்த முடிவு. கார் சனிக்கிழமை சனிக்கிழமை அமராவதி அணைக்குப் போகிறது. பெரியம்மாவும் கூடப் போகிறார்.

போன மார்கழியில் ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். குளிர்காலம் என்பதால் விளிம்பில் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று இருந்தது. துணியால் துடைத்ததும் போய்விட்டது. மூன்றாவது சிலிண்டர் மட்டும் இன்னமும் 135-ஐத் தாண்டவில்லை. வால்வு விளிம்பில் கொஞ்சம் தின்றிருக்க வேண்டும். ஹெட் இறக்கினால்தான் தெரியும். 2027-இல் மறுபடி எஃப்.சி. வரும். அதுவரை வருடம் ஒருமுறை கம்ப்ரஷன் பார்த்து நோட்டில் எழுதுவது, 120-க்குக் கீழே வந்தால் இறக்குவது என்று பெரியப்பாவிடம் பேசி வைத்திருக்கிறேன்.